காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சரியா?

தண்டையார்பேட்டைக் குடித்தனம்:
பல ஆண்டுகள் இருந்த போர்ஷனை அண்மையில் காலி செய்தோம். அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது வீட்டுக்காரர் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார். எந்தச் சுவரில் என்ன பழுது என்று காட்டவில்லை. ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. இந்தப் பக்கமெல்லாம் இதுதான் வழக்கம் என்றார். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவதையும் உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது.

ராயபுரம் வீட்டுக்காரர்:
அதே அட்டவணையின் மறுபாதியையும் படியுங்கள், ஐயா. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், பூட்டு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. என் வீட்டில் ஒரு குழாய் ஒழுகினாலும் மாடிப்படியேறி என்னிடம்தான் வருகிறார்கள். அதற்கு நான் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆணி அடித்த துளைகளையும் சமையலறையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சரிசெய்ய, பெயிண்டர் கூலி போக, ஒரு மாத வாடகை எனக்குப் போதவே போதாது. தவிர, மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்தவர் விட்டுப்போகும் பாக்கியும் என் தலையில்தான் விழும்.

தண்டையார்பேட்டைக் குடித்தனம்:
மின்கட்டணம் வேறு விஷயம். சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் பார்த்துக் கணக்கிட்டால் முடிந்தது. நாங்கள் செய்த சேதத்துக்குக் கழிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேதத்தைக் காட்டி, ரசீதைக் கொடுத்து, அந்தத் தொகையை மட்டும் கழியுங்கள் என்கிறேன். கடலோரத்தில் உப்புக்காற்றில் பூச்சு உதிர்வதும் கம்பி துருப்பிடிப்பதும் பூட்டிக்கிடக்கும் வீட்டிலும்தான் நடக்கின்றன.

கொருக்குப்பேட்டை வாசகி:
எங்கள் தரைத்தள வீட்டில் 2023 டிசம்பர் புயல் மழையின்போது வெள்ளம் புகுந்து, சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் கறை பிடித்தது. அந்தக் கறையைக் காட்டித்தான் எங்களிடமும் ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள். கட்டில் பீரோ வீணானதற்கு நாங்கள் யாரிடம் கழிப்பது?

பெரம்பூர் பராமரிப்பாளர்:
வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்காகச் சில வீடுகளைக் கவனித்து வருகிறேன். ரசீது கொடுத்து வாடகை வசூலிப்பது, அவசியமான பழுதுகளைப் பார்ப்பது, இரு தரப்புக்கும் இடையில் தகராறு வந்தால் தீர்க்க உதவுவது ஆகியவற்றைச் சட்டமே பராமரிப்பாளரின் கடமையாகச் சொல்கிறது. குடிவரும் நாளில் உரிமையாளர் தரப்பும் குடிவருபவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, செல்பேசியில் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல், கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் நடைமுறை. காலி செய்யும் நாளில் அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தால், பேச்சு பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. பெரிய சிக்கல் அட்வான்ஸ் தொகைதான். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பாக்கியைக் கழித்துத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் இருக்க, பத்து மாத அட்வான்ஸைக் கையில் வைத்திருப்பவர் தானே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் ஆகிவிடுகிறார்.

ராயபுரம் வீட்டுக்காரர்:
மூன்று மாதம் வாங்கினால், நான்கு மாதம் வாடகை தராமல் இருப்பவரை நான் என்ன செய்வது? கெடு முடிந்தும் காலி செய்யாதவர் இரு மடங்கு வாடகை தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை வசூலிக்க அலைவது யார்? மேலே நான், கீழே மூன்று போர்ஷன். ஓய்வூதியத்தோடு இந்த வாடகையும் சேர்ந்துதான் என் குடும்பம் நடக்கிறது. உங்களைப் போன்ற ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க எனக்குக் கட்டுப்படியாகாது.

பெரம்பூர் பராமரிப்பாளர்:
அந்தத் தாளை எழுத ஆள் வைக்க வேண்டியதில்லை, ஐயா.

ராயபுரம் வீட்டுக்காரர்:
எழுதிவிடுகிறேன். ஆனால் வெள்ளையடிப்பில் ஒரு பங்கையும் சேர்த்தே ஒப்பந்தத்தில் எழுதுவேன்.

தண்டையார்பேட்டைக் குடித்தனம்:
தாராளமாக எழுதுங்கள். குடிவருவதற்கு முன்பே தொகை தெரிந்தால், சம்மதமா இல்லையா என்று நாங்கள் அப்போதே சொல்லிவிடுவோம்.