விண்டோஸ் 7 பழைய லேப்டாப்: எஸ்எஃப்சி 43 சதவீதத்துல நிக்குது, கரப்ட் ஃபைல் சரியாக மாட்டேங்குது, உதவுங்க

நீலவானம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட 2011ல வாங்கின லேப்டாப் ஒண்ணு இருக்கு. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம், 32 பிட், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வாங்கினப்போ இருந்த அதே டிஸ்க். இதை இன்னும் வெச்சிருக்கறதே அப்பாவோட ஃபிலிம் ஸ்கேனருக்காகத்தான், அதுக்கு விண்டோஸ் 7க்கு மேல டிரைவரே வரல. அப்பா எடுத்த நெகட்டிவ் டப்பா டப்பாவா இருக்கு, பாதிதான் ஸ்கேன் பண்ணி முடிச்சிருக்கேன்.

ரெண்டு வாரமா ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது, எக்ஸ்ப்ளோரர் அடிக்கடி மூடிக்குது, ஏதோ டிஎல்எல் ஃபைல் கெட்டுப்போச்சுன்னு மெசேஜ் வருது. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (விண்டோஸ் ஃபைலை செக் பண்ணி சரி பண்ற கமாண்ட்) போட்டேன், 43 சதவீதத்துல வந்து அரை மணி நேரம் அப்படியே நிக்குது, அப்புறம் மெதுவா முடிஞ்சு கரப்ட் ஃபைல் இருக்கு ஆனா சிலதை சரி பண்ண முடியலன்னு சொல்லுது. எஸ்எஃப்சி எடுக்கற மூலக் காப்பியை சரி பண்ற டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் கமாண்ட் போட்டா எரர் 87. என்ன பண்றதுன்னே தெரியல.

கணினிப்பித்தன்:
சேஃப் மோட்ல போயி எஸ்எஃப்சியை மூணு தடவ ஓட்டிப் பாருங்க ப்ரோ, சில நேரம் மூணாவது தடவைல சரியாகும். அதுக்கும் ஆகலன்னா டிஸ்க்ல கெட்ட இடம் தேடற செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டு நைட் ஃபுல்லா விட்டுருங்க.

திருகாணி:
நீலவானம், செக்டிஸ்க் இப்போதைக்கு வேண்டாம், போட்டிருந்தா நிறுத்துங்க. கணினிப்பித்தன் சொன்னது டிஸ்க் நல்லா இருந்தா சரிதான், இங்க எனக்கு சந்தேகமே டிஸ்க் மேலதான்.

எரர் 87 உங்க தப்பில்ல. ரெஸ்டோர்ஹெல்த் விண்டோஸ் 8லதான் வந்துச்சு, 7க்கு அந்த ஆப்ஷனே தெரியாது. 7ல அந்த வேலைக்கு சிஸ்டம் அப்டேட் ரெடினஸ் டூல்னு தனியா ஒண்ணு உண்டு, மைக்ரோசாஃப்ட் நம்பர் கேபி 947821. ஆனா அதுவும் அப்புறம்.

எஸ்எஃப்சி எப்படி வேலை செய்யுதுன்னா, கெட்டுப்போன ஃபைலுக்கு பதிலா வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர்ல இருக்கற நல்ல காப்பியை எடுத்து வைக்கும். அந்த காப்பியே கெட்டுப்போயிருந்தா கைய விரிச்சிடும். உங்களுக்கு ஒரே இடத்துல அரை மணி நேரம் நிக்குதுன்னா டிஸ்க் அந்த இடத்தைப் படிக்க முடியாம திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டு இருக்குன்னு நினைக்கறேன். ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல டிஸ்க்னு பேர் போட்டு ஐடி 7 வந்திருக்கா பாருங்க, பேட் பிளாக்னு சொல்றது அதுதான். டிஸ்க் ஹெல்த் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு 05, சி5 ரெண்டு வரியும் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.

நீலவானம்:
ஐடி 7 வரிசையா இருக்கு அண்ணா, நேத்து மட்டும் முப்பதுக்கு மேல. கிரிஸ்டல்ல மஞ்சள் கலர்ல காஷன்னு வருது. 05ல கடைசி எண் 10, சி5ல 48. 48 செக்டார்தானே, அவ்ளோ மோசமா?

திருகாணி:
அந்த எண் ஹெக்ஸ்ல, அதாவது 16ஐ அடிப்படையா வெச்ச கணக்குல இருக்கு தம்பி, டிஃபால்ட்டா அப்படித்தான் காட்டும். 48ன்னா 72, 10ன்னா 16. 05ங்கறது கெட்டுப்போய் ஸ்பேர் இடத்துக்கு மாத்தின செக்டார், ஏற்கனவே 16ஐ மாத்திடுச்சு, சி5ல இன்னும் 72 படிக்க முடியாம காத்திருக்கு. எண்ணிக்கையை விட அது ஏறிட்டே போகுதாங்கறதுதான் முக்கியம், தினம் முப்பது எரர் வர்ற டிஸ்க்ல ஏறாம இருக்காது.

இப்ப சிஸ்டம் ஃபைலை மறந்துடுங்க, விண்டோஸை எப்ப வேணா திரும்பப் போட்டுக்கலாம், அப்பாவோட ஸ்கேன் எல்லாம் எங்க இருக்கு? அதே டிஸ்க்லதானே? அதுதான் முதல்ல வெளிய வரணும். சாகப்போற டிஸ்க்ல எஸ்எஃப்சி, செக்டிஸ்க், டிஃப்ராக்னு எது ஓட்டினாலும் இருக்கற கொஞ்ச உயிரையும் அதுக்கே செலவு பண்றீங்க.

விண்டோஸ் இல்லாம யுஎஸ்பிலேர்ந்தே ஓடற லினக்ஸ் மின்ட்ல பூட் பண்ணுங்க, ஸ்கேன் ஃபோல்டரை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணுங்க. காப்பி ஒரு ஃபைல்ல சிக்கினா ஸ்கிப் பண்ணிட்டு மேல போங்க, அங்கயே மல்லுக்கட்டாதீங்க. அது முடிஞ்சப்புறம் 500 ஜிபியோ அதுக்கு மேலயோ ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, அதே யுஎஸ்பிலேர்ந்து கெட்ட டிஸ்கையும் காப்பி எடுக்கற டிடிரெஸ்க்யூ போட்டு முழு டிஸ்கையும் அதுல இறக்குங்க. எதுவரை காப்பி ஆச்சுன்னு குறிச்சு வெக்கற மேப் ஃபைல் கண்டிப்பா குடுங்க, நடுவுல நின்னாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். எது பழைய டிஸ்க் எது புதுசுன்னு என்டர் தட்டறதுக்கு முன்னாடி சைஸ், மாடல் நம்பர் பார்த்து ரெண்டு தடவ உறுதி பண்ணுங்க. மாத்திக் குடுத்துட்டா புதுசோட வெறுமை பழைய டிஸ்க் மேல எழுதிடும், அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

ஊஞ்சல்:
இதுக்கு இவ்ளோ கஷ்டப்படணுமா, விண்டோஸ் 10 போட்டுட்டா போச்சு.

திருகாணி:
10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சுங்க. அதுவும் இல்லாம அவருக்கு ஸ்கேனர் டிரைவர் வேணும்.

நீலவானம்:
ஆறு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஸ்கேன் ஃபோல்டர் வெளிய வந்துடுச்சு, ரெண்டு படம் மட்டும் ரீட் எரர். டிடிரெஸ்க்யூ ராத்திரி முழுக்க ஓடி மறுநாள் மதியம் முடிஞ்சுது, 200 கேபிக்கும் கம்மியாதான் படிக்க முடியல. எஸ்எஸ்டிய உள்ள மாட்டினேன், பூட் ஆகுது! அதுல செக்டிஸ்க், அப்புறம் எஸ்எஃப்சி போட்டேன், எங்கயும் நிக்கல. ஆனா சரி பண்ண முடியாததுன்னு எஸ்எஃப்சி எழுதற சிபிஎஸ் லாக்ல ஏழு ஃபைல் வருது. அஞ்சு டிஎல்எல், ரெண்டு ஜேசான் ஃபைல், ஒண்ணு பேரு யூடிசி ஆப், இன்னொண்ணு டெலிமெட்ரின்னு ஆரம்பிக்குது.

திருகாணி:
ரொம்ப சந்தோஷம் தம்பி, பெரிய கண்டம் தாண்டிட்டீங்க. அந்த ரெண்டு ஜேசானை விட்டுடுங்க, 2015ல கேபி 3022345ன்னு வந்த அப்டேட்டோட ஃபைல் அது, தானா மாறிட்டே இருக்கும், எஸ்எஃப்சி அதைக் கரப்ட்னு நினைச்சுக்கும்.

மீதி அஞ்சும் படிக்க முடியாமப் போன இடத்துல இருந்த ஃபைலா இருக்கும். இதுக்கு ரிப்பேர் இன்ஸ்டால்தான் சுத்தம், அதாவது புரோகிராம், ஃபைல் எதுவும் போகாம விண்டோஸை அது மேலயே திரும்பப் போடறது. சர்வீஸ் பேக் 1 சேர்ந்த விண்டோஸ் 7 டிவிடி வேணும், அதே ஹோம் பிரீமியம், அதே 32 பிட், அதே மொழி. டிவிடிலேர்ந்து பூட் பண்ணாதீங்க, விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போதே செட்டப் ஓட்டி அப்கிரேட் தேர்ந்தெடுங்க, கஸ்டம் தொடாதீங்க. லேப்டாப்போட வந்த ரெக்கவரி டிவிடியை இதுக்குப் போட்டுடாதீங்க, அது எல்லாத்தையும் அழிச்சுட்டு வாங்கின நாள் நிலைமைக்குக் கொண்டுபோயிடும். கீ கேட்டா லேப்டாப் அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கும்.

கணினிப்பித்தன்:
நான் முதல்ல சொன்ன செக்டிஸ்க்கை நல்லவேளை போடல நீங்க. சாரி ப்ரோ. இனிமே நானும் முதல்ல டிஸ்க் ஹெல்த் என்னன்னு கேக்கறேன்.

நீலவானம்:
பரவால்ல ப்ரோ, நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

தெரிஞ்சவர்கிட்ட எஸ்பி1 டிவிடி கெடச்சுது. ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு, புரோகிராம் எல்லாம் அப்படியே இருக்கு. எஸ்எஃப்சி இப்ப எந்தத் தப்பும் இல்லன்னு சொல்லுது, பழைய அப்டேட் எல்லாம் போனதால அந்த ஜேசான் ரெண்டும் கூட வரல. ஸ்கேனர் வேலை செய்யுது. அண்ணா ஒரு கேள்வி, பழைய அப்டேட்டெல்லாம் திரும்பப் போடணுமா?

திருகாணி:
நெட்ல விடறதா இருந்தா கேபி 4490628, 4474419 ரெண்டும் முதல்ல போட்டாதான் பின்னாடி வந்த அப்டேட் ஏறும். ஆனா என்னைக் கேட்டா இதை நெட்லயே விடாதீங்க. 2020 ஜனவரி 14க்கு அப்புறம் 7க்கு சாதாரணமா பாதுகாப்பு அப்டேட் வரல, குரோமும் 109ஆவது வெர்ஷனோட நிறுத்திட்டாங்க. வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஸ்கேனுக்கு மட்டும் வெச்சுக்கங்க, படத்தை பென் டிரைவ்ல மாத்துங்க. எக்ஸ்டர்னல்ல இருக்கற காப்பி போக இன்னொரு காப்பி வேற இடத்துல இருக்கட்டும். பழைய டிஸ்கை உடனே தூக்கிப் போடாதீங்க.

நீலவானம்:
சரிண்ணா, அப்படியே பண்றேன். ரீட் எரர் வந்த அந்த ரெண்டு படத்தோட நெகட்டிவ் டப்பாவுல இருந்துச்சு, நேத்து ராத்திரி மறுபடி ஸ்கேன் பண்ணிட்டேன். ஒண்ணுல அப்பாவோட நிழல் கேமராவோட விழுந்திருக்கு, நான் இத்தனை நாள் அதைக் கவனிச்சதே இல்ல. ரொம்ப நன்றிண்ணா.