கவாசாகி 25ஆர் இந்தியாவுக்கு வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

250 சிசியில நாலு சிலிண்டர் பைக் நிஞ்ஜா இசட்எக்ஸ்-25ஆர் இந்தோனேசியாவுல 2020லேயே வந்தாச்சு. இங்க 2023ல அதோட அண்ணன், 400 சிசி வகை இசட்எக்ஸ்-4ஆர் மட்டும் இறங்குச்சு, எக்ஸ்-ஷோரூம் 8.49 லட்சம். இப்போ 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. அப்போ 25ஆருக்குத்தானே வழி திறந்திருக்கு? ஆனா முழு வண்டியா இறக்குமதி பண்ணா, சுங்க வரி அந்த ஜிஎஸ்டி மிச்சத்தை முழுங்கிடும்.

25ஆரோட போர் (சிலிண்டர் விட்டம்) 50 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) 31.8 மிமீ, உச்ச பவர் 15,500 ஆர்பிஎம்ல. சத்தம் தேன்தான், ஆனா இன்ஜின் மெதுவா சுத்தும்போது, சிக்னல்ல கிளம்பறப்ப இழுவை கிடைக்காது.

டீலர்ஷிப்ல இருக்கறவங்க சொல்லுங்க: ஓபிடி-2பி (புகை மாசைக் கண்காணிக்கற விதி) சான்றுக்கு வண்டி போயிருக்கா? உதிரிபாக கேட்டலாக்ல 25ஆர் ஏறியிருக்கா? டிசைன் பதிவு ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அது காப்பியடிக்காம இருக்கப் போடற பூட்டு, அவ்வளவுதான்.