ரெய்டு 5-க்கு சாட்டா போர்ட் பத்துமா?

நண்பர்களே, ஒரு பி450 மதர்போர்டுல வீட்டு ஸ்டோரேஜ் பெட்டி அசெம்பிள் பண்ணப் போறேன். 4 டிபி டிஸ்க் நாலு, லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி டிஸ்க்குகளைச் சேர்க்கிறது). ஒரு டிஸ்க் அளவு அதுக்கே போயிடும், 12 டிபி கைக்கு வரும். டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட் ஆறு இருக்கு. ஆனா மேனுவல்ல பொடி எழுத்துல, எம்.2 ஸ்லாட்ல (போர்டுலயே நேரா சொருகுற இடம்) எஸ்எஸ்டி மாட்டினா 5, 6-வது போர்ட் ஆஃப் ஆயிடும்னு போட்டிருக்கு. ஓஎஸ் எம்.2-லதான் இருக்கும். ஆக மிச்சம் நாலே நாலு, டிஸ்க்குக்கே சரியாப் போச்சு.

பின்னாடி அஞ்சாவது டிஸ்க் சேர்க்கணும்னா டிஸ்க் மாட்டுற எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டை ஐடி மோடுல (கார்டு ரெய்டு பண்ணாம டிஸ்க்கை அப்படியே லினக்ஸுக்குக் காட்டுற மோடு) போடலாமா, இல்ல ஏஎஸ்எம்1166 சிப் வச்ச ஆறு சாட்டா போர்ட் கார்டே போதுமா? கார்டு சொருகுற ரெண்டாவது பெரிய ஸ்லாட் பிசிஐஇ 2.0 (பழைய, மெதுவான தலைமுறை), நாலு லேன்தான் (டேட்டா போற பாதை). பயாஸ் ரெய்டு (போர்டே பண்ற ரெய்டு) மட்டும் சொல்லாதீங்க, போர்டு போனா தலைவலி. பாதி டிஸ்க் போர்டுலயும் பாதி கார்டுலயுமா ஓட்டுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?