தி கரன்ட் வார் ப்ளூ-ரே: எடிசன் நிஜமாகவே இப்படிச் செய்தாரா?

சீதா_மதுரை
நேற்று ராத்திரி அப்பாவோடு பார்க்க உட்கார்ந்தேன். அவர் ஈபியில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். மின்சாரம் பாய்ச்சி மிருகத்தைக் கொல்லும் இடம் வந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார். "எடிசனா இப்படி? பாடப் புத்தகத்துல பல்பு மட்டும்தானே இருந்துச்சு" என்கிறார். நிஜமா இது? இன்னொன்று, 2017ல் டொரன்டோ விழாவில் பார்த்தவர்கள் கழுவி ஊற்றிய படமா இது? எனக்கு அவ்வளவு மோசமாகத் தெரியவில்லையே.

பழைய_ரீல்
அதே படம், வேறு எடிட்டிங். டொரன்டோவில் ஓடியது அவசரத்தில் முடித்த பிரதி. அடுத்த மாதமே படத்தை வெளியிட இருந்த ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் புகார்கள் வெடித்து, அவர் கம்பெனி கவிழ்ந்து, படம் பெட்டிக்குள் முடங்கியது. அந்த இடைவெளியில் இயக்குநர் அல்ஃபோன்சோ கோமெஸ்-ரெஹோன் 5 காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தார், ஆனாலும் மொத்தத்தில் 10 நிமிஷம் குறைத்துவிட்டார். 2019ல் தியேட்டருக்கு வந்தது அதுதான், டிஸ்க்கில் இருப்பதும் அதுதான்.

கபாலி77
யானையையே கொன்றவர் சார் எடிசன், யூடியூபில் வீடியோ இருக்கிறது.

டைனமோ
கபாலி, அந்த யானை டாப்ஸி செத்தது 1903ல், கோனி ஐலண்டில். படத்தில் வரும் கரன்ட் சண்டை, அதாவது எடிசனின் டிசிக்கும் (ஒரே திசையில் பாயும் கரன்ட்) போட்டியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் ஏசிக்கும் (திசை மாறி மாறிப் பாயும் கரன்ட்) நடந்த சண்டை, முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. படம் பிடித்தது எடிசன் பெயரிலிருந்த சினிமா கம்பெனி, அவ்வளவுதான்.

சீதா, அப்பாவிடம் சொல்லுங்கள், மிருகங்கள் விஷயம் நிஜம். 1888ல் ஹெரால்டு பிரவுன் என்பவர் ஏசி ஆளைக் கொல்லும் என்று காட்ட, எடிசனின் வெஸ்ட் ஆரஞ்சு லேபிலேயே கன்றுக்குட்டிகளையும் ஒரு குதிரையையும் கொன்றார். எடிசனுக்குத் தெரியாமல் அங்கே ஓர் எலிகூட செத்திருக்காது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் படம் கொடுத்த இடம்தான் எனக்குப் போதவில்லை. எடிசன் 1882ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் கொடுத்தது 110 வோல்ட் டிசி. ஒரு மைல் தாண்டினால் விளக்கு மங்கும், இல்லையென்றால் தடிமனான செம்புக் கம்பிக்கே சொத்தை அழிக்க வேண்டும். வோல்ட்டைக் கூட்டி அனுப்பினால் மெல்லிய கம்பியே போதும். 1886ல் கிரேட் பாரிங்டனில் வெஸ்டிங்ஹவுஸின் ஆள் வில்லியம் ஸ்டான்லி 500 வோல்ட் ஏசியைத் தெருவில் ஓட்டி, கடை வாசலில் டிரான்ஸ்ஃபார்மரால் 100க்கு இறக்கினார். எடிசன் தோற்றது அங்கேதான். மற்றதெல்லாம் வாய்ச்சண்டை.

மீதியைப் பார்க்கும்போது கெம்லர் கட்டம் வரும். 1890ல் முதன்முதலாக மின்சார நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர். 17 விநாடி பாய்ச்சியும் மூச்சு நிற்காமல், திரும்பப் பாய்ச்சினார்கள்.

சீதா_மதுரை
எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். குதிரைக்கு ஒன்றும் சொல்லவில்லை. "டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம எப்படிம்மா ஊருக்கு லைன் இழுக்கிறது, கிறுக்குப் பய" என்று எடிசனைத்தான் திட்டினார். மீதிப் படம் இன்று ராத்திரி. நாற்காலிக் கட்டத்தை மட்டும் ஓட்டிவிடச் சொல்லியிருக்கிறார். கம்பத்திலேயே பார்த்தது போதுமாம்.