டைகர் மாத் 1:6 மாடலுக்கு எந்த எஞ்சின், எந்த புரொப் (ப்ரொப்பெல்லர்)?

பால்சாதூள்:
டி ஹாவிலண்ட் டைகர் மாத் விமானத்தின் பறக்கும் மாடல், 1:6 அளவு கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை நீளம் 149 செ.மீ., எரிபொருள் இல்லாமல் 3.3 கிலோ வரும். கையில் 46 (0.46 கன இஞ்ச்) டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று இருக்கிறது. அதில் 11×6 புரொப் (விட்டம் 11 இஞ்ச், பிட்ச் 6 இஞ்ச்) போட்டால் போதுமா, 70 ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்க வேண்டுமா? நிதானமாகப் பறந்து, அவ்வப்போது ஒரு லூப் அடித்தால் போதும்.

இரட்டைஇறக்கை:
46 தூக்கிவிடும் சார். தவறு 11×6-இல்தான். நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 6 இஞ்ச் பிட்ச் (ஒரு சுற்றில் புரொப் முன்னேற வேண்டிய தூரம்) என்றால் கணக்குப்படி மணிக்கு 110 கி.மீ. வருகிறது. இரண்டு இறக்கை, ஸ்ட்ரட், கம்பி எல்லாம் காற்றில் இழுக்கும்போது டைகர் மாத் அந்த வேகத்தை எட்டவே எட்டாது. போதாததற்கு, சின்ன புரொப்பின் நடுப்பகுதி கௌலுக்கு (எஞ்சின் மூடிக்கு) நேர் முன்னால் மாட்டி வீணாகும்.

எஞ்சினுக்கு விழும் சுமையை ஒப்பிட, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பிட்ச்சால் பெருக்கிப் பாருங்கள். 11×6-க்கு 87,846, 12×4-க்கு 82,944. கிட்டத்தட்ட ஒரே சுமைதான், ஆனால் 12×4-இன் வேகம் 73 கி.மீ. இந்த விமானத்துக்கு அதுவே பொருத்தம், ஏற்றத்தில் இழுவையும் நன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: த்ராட்டிலை முழுக்க மூடினால் பெரிய, குறைந்த பிட்ச் புரொப் பிரேக் போல வேலை செய்யும். இறங்கும்போது ஓடுதளம் தொடும்வரை கொஞ்சம் பவர் வைத்திருங்கள்.

கிளோபிளக்:
எனக்கு 70 ஃபோர்-ஸ்ட்ரோக்தான் சரி என்று படுகிறது. காரணம் சத்தம் மட்டுமல்ல. டைகர் மாத்துக்கு மூக்கு குட்டை. 46 போட்டால் சிஜி (எடை மையம்) பின்னால் போய், கடைசியில் முன்னால் ஈயம் ஒட்டத்தான் வேண்டும். அந்த எடை எஞ்சினாகவே இருக்கட்டுமே. புரொப் 13×6, சுமார் 9,000 சுற்று, 82 கி.மீ. அதே சுமைதான் 12×8-க்கும், ஆனால் பிட்ச் அதிகம் என்பதால் அதை இதில் போடாதீர்கள். வாங்கும் முன் வாலைத் தூக்கி விமானத்தை மட்டமாக வைத்து அளந்து பாருங்கள்: பிளேடு நுனிக்கும் தரைக்கும் 4 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். புல் தரை என்றால் இன்னும் கூட.

பால்சாதூள்:
நிஜ டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சின் போலத் தலைகீழாகப் பொருத்தலாமா?

கிளோபிளக்:
பொருத்தலாம், ஆனால் டேங்க் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டரின் ஸ்ப்ரே பாருக்கு (எரிபொருள் தெளிக்கும் குழாய்க்கு) நேராகவோ, 5 முதல் 10 மி.மீ. கீழேயோ இருக்கட்டும். மேலே இருந்தால் எரிபொருள் தானாக வழிந்து சிலிண்டர் தலையில் தேங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வைத்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஆகவே எஞ்சினைப் பற்றவைக்கும் கிளோ பிளக்கில் பேட்டரி மாட்டும் முன் புரொப்பைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுகி நின்றால் பிளக்கைக் கழற்றி, எரிபொருளை வெளியேற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

தலைகீழ் எஞ்சினில் பிளக் எண்ணெயில் நனைந்து ஐடிலில் அணையும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கான எஃப் வகை பிளக்கும், பிளக்கைச் சூடாக வைத்திருக்க விமானத்திலேயே பொருத்தும் சின்ன கிளோ டிரைவரும் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இரட்டைஇறக்கை:
புரொப்பைப் பிடிக்கும் லாக் நட்டை மறக்காதீர்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கை லீனாக (எரிபொருள் குறைவாக) ஓட்டினால் டெட்டனேட் ஆகி (கலவை தாறுமாறாக வெடித்து) பின்னுக்கு உதைக்கும், நட் கழன்று புரொப் பறக்கும். எரிபொருள் ஊசியை உச்சச் சுற்றிலிருந்து 300 சுற்று குறையும்வரை திறந்து வையுங்கள். ட்யூன் செய்யும்போது புரொப்புக்கு நேராகவோ பக்கவாட்டிலோ யாரும் நிற்க வேண்டாம். புரொப் ஓட்டையைப் பெரிதாக்க டிரில் பிட் வேண்டாம், ரீமர் போடுங்கள். டிரில் கோணலாகக் கடித்து மையம் விலகிவிடும், அப்புறம் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது.