புதுப்பிப்பு: டிராப் டேபிளின் இடுப்புப் பலகை தானாக விழுந்தது, தீர்வு கிடைத்தது

டிராப் டேபிள் என்பது முதுகையும் இடுப்பையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கான மேசை; அழுத்தும்போது அதன் பலகை சற்றுக் கீழே விழும். நான் அழுத்தும் முன்பே இடுப்புப் பலகை விழுகிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. 'ஆள் படுத்த பிறகு இறுக்கத்தை வையுங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. முந்தைய நோயாளிக்கு வைத்த இறுக்கத்தை மாற்றாததே தவறு.

இப்போது இறுக்கத்தை மாற்றும் குமிழை இறுக்கிப் பலகையைத் தூக்கிப் பூட்டுகிறேன். நோயாளி படுத்து மூச்சு விட்டதும், பலகை இறங்கும்வரை மெல்லத் தளர்த்துகிறேன். பிறகு மறுபடி பூட்டி, துளி இறுக்கம். எடையைத் தாங்கும், சிறு தள்ளலில் விழும். அளவுக்கு மீறி இறுக்கினால் கூடுதல் விசை தேவைப்படும். அது நோயாளியின் உடம்பில்தான் இறங்கும்.

எதிர்பாராதது: பூட்டுக் கொக்கியில் நூலும் தூசியும் சிக்கியிருந்தன. உலர்ந்த துணியால் துடைத்தேன். கையேடு சொல்லாமல் எண்ணெய் விடாதீர்கள், பிடி வழுக்கும். பலகை இடுக்கில் நோயாளியின் விரல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கடுமையான எலும்புப்புரை, புதிய எலும்பு முறிவு உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை முறையே வேண்டாம்.