கார்ஸ்ட்டுக்குத் தமிழில் 'கரைகல்' சரியாக வருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்லோவேனியாவின் மலைகளைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் கார்ஸ்ட் என்ற சொல்லுக்கு, அதாவது மழைநீர் கல்லைக் கரைத்து உண்டாக்குகிற நிலத்துக்கு, ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறேன். நாட்டின் மொத்தப் பரப்பே 20,000 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இருக்கிற மலைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. வடமேற்கில் ஜூலியன் ஆல்ப்ஸ், அதில்தான் 2,864 மீட்டர் உயரத் திரிக்லாவ், அந்த நாட்டுக் கொடியிலேயே இருக்கிற சிகரம். வடக்கே ஆஸ்திரியாவுக்கு எல்லைச்சுவர் வைத்தமாதிரி நீளும் கரவாங்கே. அதற்குத் தெற்கே காம்னிக்-சாவின்யா ஆல்ப்ஸ். இந்த மூன்றையும் மலைத்தொடர் என்று எழுதிவிட்டேன். வடகிழக்கில் போஹோர்யேவுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அது 1,543 மீட்டர்தான், உச்சிகள் உருண்டு, காடு மூடி, மேலே சதுப்பும் குட்டைகளுமாகக் கிடக்கிற ஒரே பெரிய மேடு. அதைத் தொடர் என்று எழுத மனம் வரவில்லை, 'போஹோர்யே மலை' என்றே விட்டுவிட்டேன்.

நான் மாட்டிக்கொண்ட இடம் தெற்கும் தென்மேற்கும். போஹோர்யே கருங்கல் வகைப் பாறை, அதனால் ஓடைகள் மேலேயே ஓடும். தெற்கே 1,796 மீட்டர் ஸ்னெஷ்னிக் இருக்கிற மேட்டுநிலத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் ஓடையைப் பார்க்க முடியாது. அது சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிக் கல்லின் விரிசல்களில் இறங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டே உள்ளே போய்விடுகிறது. உப்புத்தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளுமே, சுரண்டினாலும் லேசில் வராதே, அப்படிக் கரைந்துபோன சுண்ணாம்பில் கொஞ்சம்தான் அது.

இந்த மாதிரி நிலத்துக்குத்தான் உலகம் முழுக்கக் கார்ஸ்ட் என்று பெயர். அந்தப் பெயரே ஸ்லோவேனியாவின் தென்மேற்கில் இருக்கிற க்ராஸ் என்ற மேட்டுநிலத்தின் பெயர்தான், ஜெர்மன் வாயில் கார்ஸ்ட் ஆனது. செர்பியப் புவியியலறிஞர் யோவான் ஸ்வியிச் 1893-இல் ஜெர்மனில் எழுதிய ஆய்வுக்குப் பிறகு அந்த வட்டாரத்துச் சொற்கள் அறிவியலில் ஊன்றிவிட்டன. டோலின் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நிலம் கரைந்து உண்டான குழி. ஸ்லோவேனிய மொழியில் டோலினா என்றால் சாதாரணப் பள்ளத்தாக்கு! அந்தக் குழியை அவர்கள் வர்தாச்சா என்கிறார்கள். போல்யே என்றால் வயல், அறிவியலிலோ கார்ஸ்ட் நிலத்துக்கு நடுவே கிடக்கிற பெரிய தட்டையான பள்ளம். இவையெல்லாம் அங்கே ஆடு மேய்த்தவர்களும் வைக்கோல் அறுத்தவர்களும் பேசிய சொற்கள். நாம் மட்டும் ஏன் அவற்றை மந்திரம் மாதிரி அப்படியே உச்சரிக்க வேண்டும்? நமக்கும் குழியும் வயலும் இருக்கின்றனவே.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து.

'கரடு' வேண்டாம். கார்ஸ்ட் என்ற ஒலியோடு ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு நண்பர் அதைச் சொன்னார், இரண்டுக்கும் ஒரே வேர் என்றும் எழுதினார். ஒலி ஒத்துப்போவது வேர் ஆகாது. அதுபோக, கொங்குப் பகுதியில் கரடு என்றால் பாறை துருத்திக்கொண்டிருக்கிற சிறு குன்று. அது உயிரோடு புழங்குகிற சொல், அதன் பொருளைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுப்பது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்கிற அநியாயம்.

'சுண்ணாம்பு நிலத்தோற்றம்' விளக்கமாக இருக்கிறது, ஆனால் முழுவதும் சரியில்லை. ஸ்பெயினின் சோர்பாஸில் ஜிப்சம் பாறை கரைந்து இதே மாதிரி குகைகள் உண்டாகியிருக்கின்றன. அதற்கு என்ன பெயர் வைப்பது?

அதனால் நான் முன்வைப்பது 'கரைகல்'. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை. கரைந்த கல், கரைகிற கல், இனிமேலும் கரையப்போகிற கல் என்று மூன்று காலமும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது, இந்த நிலத்தின் கதையும் அதுதான். கடற்கரைக் கல்லோடு குழம்பாதா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார்கள். கரையில் இருக்கிற கல் 'கரைக்கல்', ஒற்று மிகும். வினைத்தொகையில் மிகாது. தயவுசெய்து யாரும் திருத்துகிறேன் என்று நடுவில் ஒரு 'க்' போட்டுவிடாதீர்கள், சொல் செத்துவிடும்.

இதிலிருந்து டோலினுக்குக் 'கரைகுழி'. ஆறு நிலத்துக்குள் போகிற வாய்க்கு 'ஆறுவிழுங்கி'. ஸ்லோவேனியாவின் ஷ்கோட்சியன் குகைகளில் ரேகா ஆறு (ரேகா என்றாலே அவர்கள் மொழியில் ஆறுதான்) ஒரு பாறைச் சுவரின் அடியில் நுழைந்து மறைந்து, முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இத்தாலியில் திமாவோ என்ற பெயரில் வெளியே வருகிறது. தலைநகர் வழியாகப் போகிற லியூப்லியானிட்சாவோ பலமுறை மறைந்து மறைந்து எழுவதால் ஏழு பெயர் கொண்ட ஆறு. ஒவ்வொரு முறை வெளியே வந்தபோதும் மக்கள் அதை வேறு ஆறு என்று நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சொல்லுங்கள், கரைகல் ஒத்துவருமா?

மறுமொழி:

தம்பி, கரைகல் நல்ல சொல். ஆனால் கட்டுரையில் ஓரிடத்தில் 'கரைகல் மலை' என்று எழுதியிருக்கிறீர், அதைக் கலைச்சொல்லாக்க வேண்டாம். நான் வலிகாமத்துக்காரன். எங்கட யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்தான், மலை என்று ஒன்றும் கிடையாது, தட்டை நிலம். ஆறு என்றால் வழுக்கையாறு, அதுவும் மழைக்கு மட்டும். மற்றத் தண்ணீரெல்லாம் கல்லுக்குள்ளே. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தீர் என்றால் தெரியும், மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக உவர். கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊற்று. இதெல்லாம் உமது கரைகல்லின் வேலைதான். ஆகவே 'கரைகல் நிலம்' என்று வையும், மலைக்கும் பொருந்தும், எங்களுக்கும் பொருந்தும். 'ஆறுவிழுங்கி'யும் அப்படியே, ஆறில்லாத ஊரில் அந்த ஓட்டை மழையைத்தானே விழுங்குகிறது? 'நீர்விழுங்கி' என்றால் போதும்.

மறுமொழி:

ஐயா, மிக்க நன்றி. யாழ்ப்பாணத்தை நான் யோசிக்கவே இல்லை, மலையைப் பற்றி எழுதுகிற ஞாபகத்திலேயே இருந்துவிட்டேன். கரைகல் நிலம், கரைகுழி, நீர்விழுங்கி மூன்றையும் நீங்கள் சொன்னபடியே கட்டுரையில் மாற்றிவிட்டேன், கார்ஸ்ட் என்பதை முதல் வரியில் ஒரே ஒருமுறை விட்டிருக்கிறேன், தேடி வருகிறவர்களுக்காக.

போல்யே மட்டும் நிற்கிறது. ட்செர்க்னிட்சாவில் இருப்பது அப்படிப்பட்ட ஒரு சமவெளி. இலையுதிர் மழையில் நீர்விழுங்கிகள் தாங்காமல், கீழிருந்தும் தண்ணீர் பொங்கி, இருபது சதுர கிலோமீட்டருக்கும் மேல் ஏரியாகிவிடுகிறது, மீன் பிடிக்கிறார்கள். கோடையில் அதே இடத்தில் புல் அறுக்கிறார்கள். இதை விளக்கி எழுதியதற்காகவே வால்வசோர் என்ற அறிஞரை 1687-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் உறுப்பினராகச் சேர்த்தார்கள். நம் ஏரிகளும் வற்றும்தான், ஆனால் வெயில் குடித்தும் வயலுக்குப் பாய்ந்தும் வற்றும். இது அடித்தட்டு ஓட்டை வழியாக இறங்கிப்போகிறது. ஏரிக்கு 'ஒழுகேரி' என்று யோசித்தேன், கீழிருந்து நிரம்புவதை அந்தச் சொல் சொல்லவில்லை. அந்தத் தரைக்கோ எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வெறும் 'வயல்' என்றால் நெல் வயல்தான் கண்ணில் நிற்கிறது. மழைக்காலத்தில் மூழ்கி மற்ற நாளில் மேய்ச்சலாகிற நிலத்துக்கு உங்கள் ஊர்களில் யாராவது ஏதாவது சொல்வதுண்டா? அதுவரை கட்டுரையில் போல்யே என்றே இருக்கட்டும்.